மூன்றாம் வட்டாரத்து மெஷின்

பெற்றோர் வைத்த பெயர் அவளுடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. கம்பெனியில் எல்லோருக்கும் அவள் நூலக்கா. வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். தன்னைவிடப் பத்து வயது மூத்த மேனேஜர் எந்தக் கணக்கில் அக்கா என்கிறார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுவைத்தால் வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

நூல் என்றால் தங்க நூல். ஒரு தலைமுடியை நீளவாக்கில் நாலாகப் பிளந்தால் வருகிற தடிமன்தான் இருக்கும். கடுகைவிடச் சின்னதாக ஒரு சில்லு; அதிலிருந்து பக்கத்திலுள்ள உலோகக் கால்களுக்கு அந்த நூலை இழுத்து ஒட்ட வேண்டும். ஒரு சில்லுக்கு எட்டு நூல். ஒட்டுவது மெஷின், மெஷினை ஓட்டுவது அவள். அப்படி ஒட்டிய சில்லு எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில், நோயாளியின் ரத்த அழுத்தத்தை அளக்கிற கருவிக்குள் போய் உட்காரும். நூல் விட்டுப்போனால் கருவி பொய் சொல்லும். அதன் பிறகு டாக்டர் சொல்வதும் பொய்யாகிவிடும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒன்பது வருஷம் கடலோர நகரத்தில் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். ஊர் திரும்பியது இந்தக் கம்பெனியால்தான். கம்பெனி இந்த ஊருக்கு வந்ததோ மானியத்தால். அரசாங்கம் நாட்டை மூன்று வட்டாரமாகப் பிரித்து வைத்திருந்தது. கடலோர நகரம் முதல் வட்டாரம். அங்கே இப்படிப்பட்ட நுட்பமான மெஷின் வாங்கினால் விலையில் பத்தில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுக்கும். இந்த வறண்ட மேட்டு நிலம் மூன்றாம் வட்டாரம். இங்கே வாங்கினால் சரிபாதி. அதனால் முதலாளிக்கு இந்த ஊரின் மேல் திடீரென்று ஒரு பாசம் வந்தது. திறப்பு விழாவில் நெஞ்சில் கை வைத்து, பின்தங்கிய பகுதியின் பெண்களைப் பற்றிக் கண் கலங்கப் பேசினார். பின்தங்கிய பெண்கள் பதினாலு பேரும் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு கை தட்டினார்கள். மெஷினுக்குப் 'பாதி' என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

அரசாங்கம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. மெஷின் ஐந்து வருஷம் இந்த வட்டாரத்திலேயே ஓட வேண்டும். நடுவில் வெளியே போனால் கொடுத்த மானியம் முழுவதையும் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மெஷினுக்கென்று சிவப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம் உண்டு. மணிக்கு ஒரு தடவை அறையின் வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் பார்த்து அதில் எழுத வேண்டும். ஈரம் குறைந்தால் கையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பொறி பறந்து சில்லு செத்துவிடும். அதிகமானால் நூல் ஒட்டாது. பயிற்சிக்குப் போயிருந்த முதல் மாதத்தில், கூட இருந்த ஒருத்தி ஈரம் காட்டுகிற முள்ளைப் பார்க்காமலே நாற்பது என்று எழுதிவைக்க, இரண்டாயிரம் சில்லு வீணாகித் திரும்பி வந்தது. ஒவ்வொன்றாக லென்ஸுக்குக் கீழே வைத்து உடைத்துப் பார்க்கிற தண்டனை எல்லோருக்கும் கிடைத்தது. பதினோரு நாள் உடைத்தார்கள். அன்றிலிருந்து நூலக்கா கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவாள். பத்து மணிக்குப் பார்க்க வேண்டியதைப் பத்து பன்னிரண்டுக்குப் பார்த்தால் பத்து பன்னிரண்டு என்றே போடுவாள். அந்தப் புத்தகத்தில் இன்னொருத்தி கை பட விடமாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. அப்புறம் முதலாளிக்கு ஊர்ப் பாசம் தீர்ந்துவிட்டது. சரக்கு வாங்குகிறவர்கள் கடலோரத்தில், மெஷின் கெட்டால் சரிசெய்கிற ஆள் கடலோரத்தில், இங்கே என்ன இருக்கிறது என்று அலுத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு சனிக்கிழமை மெஷினைக் கழற்றிப் பெட்டியில் அடைத்துக் கடலோரத்துக் கிளைக்குக் கொண்டுபோனார். மானிய ஆபீஸுக்குச் சொல்லவில்லை. இங்கே மிஞ்சியது லென்ஸ் மேஜைதான். கடலோரத்தில் ஒட்டிய சில்லுகள் இங்கே வரும்; பெண்கள் லென்ஸில் பார்த்துத் தரம் பிரித்து அடுக்கி அனுப்புவார்கள். ஆனால் மெஷினை ஓட்டத் தெரிந்தவள் ஒருத்திதானே. "அம்மா, நீங்க போகலேன்னா மெஷின் ஓடாது. மெஷின் ஓடலேன்னா லென்ஸ் மேஜைக்கு வேலை கிடையாது. நீங்களே முடிவு பண்ணிக்கங்க" என்றார் முதலாளி. அதில் முடிவு பண்ண என்ன இருந்தது? திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய், வாரம் முழுக்க நாலு பேரோடு ஒரு விடுதி அறையில் தங்கி, சனிக்கிழமை சாயந்திரம் வீடு திரும்புவாள். அப்படியே எட்டு மாதம் ஓடியது.

அந்த எட்டு மாதமும் அவள் மகளுக்குத் தலை பின்னிவிட்டது ஓரகத்திதான். கணவரும் அவருடைய தம்பியும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. கணவர் தெருமுனையில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடை வைத்திருந்தார். தம்பி ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு ஒரு வருஷமாகப் படுக்கையில் இருந்தான். அவனுக்குத் தினமும் வந்து காலை நீட்டி மடக்கிவிடுகிற ஆளுக்கு ஓரகத்தியின் சம்பளம்தான் போனது. அவள் லென்ஸ் மேஜையில் மூன்றாவது நாற்காலி. நூலக்கா சனிக்கிழமை படியேறியதும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "அங்க ஈரம் எவ்வளவு காட்டுது அக்கா?" என்பதாகத்தான் இருக்கும். "ஐம்பத்தேழு" என்பாள் இவள். "அதான் மூஞ்சி ஊறிப்போயிருக்கு" என்று சிரிப்பாள் ஓரகத்தி.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை மானிய ஆபீஸிலிருந்து ஆய்வு.

ஞாயிற்றுக்கிழமையே மெஷின் லாரியில் வந்து இறங்கிவிட்டது. அதை இறக்கும்போதே நூலக்கா கூட நின்று, தரையில் மட்டம் பார்த்து வைத்தாள். ஆனால் அத்தனை தூரம் குலுங்கி வந்த மெஷின் பழைய நிலைக்குத் திரும்பப் பத்து நாளாவது ஆகும். நூல் இழுத்துப் பார்த்தாள். எட்டில் மூன்று அறுந்தது. "விளக்கு எரிஞ்சா போதும் அக்கா, அவங்களுக்கு என்ன தெரியப்போகுது" என்றார் மேனேஜர். திங்கட்கிழமை காலை அதே சிவப்பு அட்டையில் ஒரு புதுப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

"இது என்ன?"

"எட்டு மாசத்தையும் இதுல எழுதிடுங்க. பழைய புத்தகத்துல ஈரம் ஐம்பது, அறுபதுன்னு இருக்கு. இந்த ஊர்ல என்னைக்கு ஐம்பதைத் தாண்டிச்சு? பாத்ததுமே கடலோரம்னு தெரிஞ்சுடும். பழசைக் கொளுத்திடுங்க."

அவள் புத்தகத்தை வாங்காமல் நின்றாள். மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மானியத்தைத் திருப்பிக் கேட்டா முதலாளி இந்த இடத்தைப் பூட்டிச் சாவியைத் தூக்கி எறிஞ்சுட்டுப் போயிடுவார். பதினாலு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உங்க வீட்டுலேயே ரெண்டு பேர்."

வாங்கிக்கொண்டாள். உடை மாற்றும் அறையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மூன்று பகல் எழுதினாள். ஆயிரத்து அறுநூறு வரி. அந்த அறையின் தட்பவெப்பம் அவளுக்கு மனப்பாடம். எந்த மாதம் காலையில் எவ்வளவு, மத்தியானம் எவ்வளவு என்று யோசிக்காமலே கை எழுதியது. பேனாவை மாற்றி மாற்றி எழுதினாள். பக்க ஓரங்களை விரலால் தேய்த்து அழுக்காக்கினாள். பத்து பன்னிரண்டு, பதினொன்று நாலு என்று நிமிஷத்தைக்கூட விடவில்லை. பொய் எழுதுவதிலும் தன் வேலை இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை சாயந்திரம் ஓரகத்தி அறைக்கதவைத் தட்டினாள்.

"அக்கா, எழுதினதைக் குடுங்க. நான் ஒருதடவை புரட்டிப் பாத்துடறேன். எட்டு மாசமும் நான்தானே இங்க இருந்தேன்."

நியாயமான பேச்சு. ஆனால் நூலக்காவுக்குச் சுருக்கென்று இருந்தது. பொய்ப் புத்தகமானாலும் அது அவள் புத்தகம். அதைவிட, தான் செய்து வைத்திருக்கிற காரியத்தை வீட்டு மனுஷி வரிவரியாகப் பார்ப்பதை நினைத்தாலே கூசியது.

"வேண்டாம்மா. என் வேலையை நான் பாத்துக்கறேன்" என்று புத்தகத்தை மூடிவிட்டாள். பழைய புத்தகத்தை அவள் கொளுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. சாப்பாட்டுப் பைக்குள் டப்பாவுக்கு அடியில் வைத்துத் தினமும் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள்.

வியாழக்கிழமை காலை வரும்போது பின்பக்கக் கொட்டகையில் மெஷின் வந்த மரப்பெட்டிகளைப் பார்த்தாள். ஒரு பலகைகூட உடையவில்லை. பிடுங்கிய ஆணிகளையெல்லாம் ஒரு தகர டப்பாவில் போட்டு மேலே வைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் கடலோரக் கிளையின் முகவரிச் சீட்டு புதிதாக ஒட்டியிருந்தது.

"இதை இன்னும் உடைக்கலையா?" என்று வாட்ச்மேனைக் கேட்டாள்.

"மேனேஜர்தான் உடைக்காதேன்னார். திங்கக்கிழமை லாரி வருதாம்."

அவள் முகவரிச் சீட்டை மறுபடி படித்தாள். ஆய்வு முடிந்ததும் மெஷின் மறுபடி போகிறது. மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது மெஷினை இந்த ஊரில் நிறுத்துவதற்கு என்று நினைத்திருந்தாள். அதை நல்லபடியாக வழியனுப்புவதற்குத்தான் எழுதியிருக்கிறாள்.

அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. தோளில் கனத்த துணிப்பை, மூக்கு சிவந்து நல்ல ஜலதோஷம். வாசலில் நாலு தும்மல் தும்மினார். முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. தும்முகிறவரை மெஷின் அறைக்குள் விடக்கூடாது என்பது விதி; அதை அவர் மிகுந்த வருத்தத்தோடு எடுத்துச் சொன்னார். அதிகாரி கண்ணாடிக்கு வெளியே நின்றே பார்த்தார். உள்ளே பச்சை விளக்கு எரிந்தது. நூலக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்து, அறுந்த நூலையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வேலைதான். மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பதிவேட்டைக் குடுங்க" என்றார் அதிகாரி. "எழுதினவங்களையும் வரச் சொல்லுங்க."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு மேஜை. முதலாளி, மேனேஜர், அதிகாரி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நூலக்கா கோட்டைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதின்மூன்று தொப்பிகள் லென்ஸில் குனிந்திருந்தன. ஒருத்தியும் லென்ஸைப் பார்க்கவில்லை.

"எல்லாம் நீங்களே எழுதினதாம்மா?"

"ஆமா மேடம்."

"பத்து பன்னிரண்டு, பதினொண்ணு நாலுன்னு போட்டிருக்கீங்க. மத்த இடத்துல எல்லாம் பத்து, பதினொண்ணுன்னுதான் இருக்கும்."

"பாக்கற நேரத்தைத்தான் போடுவேன் மேடம்."

"நல்ல பழக்கம்" என்றார் அதிகாரி. நூலக்காவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

அதிகாரி நிதானமாகப் பக்கம் புரட்டினார். நடுவில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். முதலாளி டீ வரவழைக்கட்டுமா என்று கேட்டார். அவர் தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றார். பிறகு துணிப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்துப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது.

"மூணு மாசம் முன்னாடி, பதினேழாம் தேதி. நீங்க லீவு இல்லையே?"

"இல்ல மேடம்."

"மத்தியானம் பன்னிரண்டு ஏழுக்கு வெப்பம் இருபத்திரண்டு, ஈரம் நாற்பது. மூணு மணிக்கும் அதேதான். அன்னிக்குக் காலையில பத்தரைக்கு இந்தப் பக்கத்து டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு போயிருக்கு. சாயந்திரம் ஏழு வரைக்கும் கரண்ட் இல்ல. மின்சார ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வந்திருக்கேன். ஏசி இல்லாம இருபத்திரண்டு எப்படி நின்னுது?"

நூலக்காவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு சனிக்கிழமை ஓரகத்தி சொன்னாள்: கரண்ட் போய்ப் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் அக்கா, இருக்கிற போர்வையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டேன் என்று. இவள் பஸ் அலுப்பில் உம் கொட்டிக்கொண்டே படுத்துவிட்டாள். நேற்று அந்தப் புத்தகத்தை ஓரகத்தி கையில் கொடுத்திருந்தால் பதினேழாம் தேதியைப் பார்த்ததும் பிடித்திருப்பாள்.

"ஜெனரேட்டர் ஓட்டினோம் மேடம்" என்றார் மேனேஜர் முந்திக்கொண்டு.

"சரி. ஜெனரேட்டரைப் பாக்கலாமா?"

"அது... ரிப்பேருக்குப் போயிருக்கு."

அதிகாரி அதைத் தன் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு நாற்காலியை நகர்த்தி நூலக்காவை நேராகப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. இங்க ஜெனரேட்டர் இருந்துதா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொப்பிகள் நிமிர்ந்திருந்தன. பேச்சு கேட்காது, ஆனால் எல்லோருக்கும் புரிந்திருந்தது. ஓரகத்தி இவளையே பார்த்து மெதுவாகத் தலையை மேலும் கீழும் அசைத்தாள். ஆமாம் என்று சொல்லுங்கள் அக்கா. முதலாளி மேஜைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். இன்றைக்குத் தப்பித்துவிடலாம். திங்கட்கிழமை லாரி வரும். தகர டப்பாவில் இருக்கிற ஆணிகளை மறுபடி அடிப்பார்கள். இவள் மறுபடி முதல் பஸ்ஸில் போவாள். அடுத்த ஆய்வுக்கு இன்னொரு சிவப்பு அட்டை வரும். அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"இருந்ததில்ல மேடம்" என்றாள். "ஜெனரேட்டரும் இல்ல. மெஷினும் இல்ல."

முதலாளி எழுந்தார். "அம்மா" என்றார்.

"எட்டு மாசமா மெஷின் கடலோரத்துல இருந்துது. நானும் அங்கதான் இருந்தேன். ஞாயித்துக்கிழமைதான் வந்துது. நீங்க கையில வெச்சிருக்கிறது மூணு நாள்ல உக்காந்து எழுதினது. நான்தான் எழுதினேன்." பைக்குள் கை விட்டு, டப்பாவை ஒதுக்கிப் பழைய புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அட்டையில் எண்ணெய்க் கறை இருந்தது. "இது நிஜமானது."

அதிகாரி இரண்டு புத்தகத்திலும் பதினேழாம் தேதியைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இதில் நாற்பது, அதில் ஐம்பத்தெட்டு. கையெழுத்து ஒன்றே.

"உங்களுக்கு இதனால என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். ஆனா ஒண்ணு சொல்லிக்கறேன். மெஷினை எங்க வட்டாரத்துக்குன்னுதானே பாதி குடுத்தீங்க? எங்க பேரைச் சொல்லித்தானே வாங்கினாங்க? பணத்தைத் திருப்பி வாங்கிட்டீங்கன்னா உங்க கணக்கு தீந்துடும். மெஷின் போயிடும். அது இங்கயே இருக்கணும். அதை எழுதிக்குங்க."

"நான் பாத்ததை எழுதுவேன். முடிவு பண்றது மேல இருக்கறவங்க" என்றார் அதிகாரி. இரண்டு புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டார். மெஷினை அசைக்கவும் கூடாது, ஓட்டவும் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். மெஷின் அறைக் கதவில் அரக்கு முத்திரை விழுந்தது.

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் முதலாளி நூலக்காவைப் பார்த்து, "பதினாலு பேர் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்க" என்றார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

முடிவு வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் ஓரகத்தி அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே அடுப்பில் இருவரும் சமைத்தார்கள். உப்பு வேண்டுமென்றால்கூட ஓரகத்தி தன் குழந்தையைக் கூப்பிட்டு, பெரியம்மாகிட்ட உப்பு கேளு என்பாள், பெரியம்மா ஒரு முழம் தள்ளி நிற்கும்போதே. கணவர் நடுவில் மாட்டிக்கொண்டு திண்டாடினார். "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லமாட்டேன்" என்றார் ஒருநாள். கொஞ்ச நேரம் கழித்து, "செய்யறதுக்கு முன்னாடி அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். எங்கே சொல்வது? அந்த மேஜையை விட்டுக் கண்ணாடிக்குள் போயா சொல்வது? இருந்தாலும் அவர் சொன்னது அவள் மனதில் தைத்துக்கொண்டு நின்றது. கம்பெனியிலும் அப்படித்தான். அவள் போய் உட்கார்ந்தால் சாப்பாட்டு மேஜையில் இடம் தாராளமாகக் கிடைத்தது.

மூன்றாவது வாரம், கையிருப்பிலிருந்த சில்லு குறைந்ததும், முதலாளி லென்ஸ் மேஜையிலிருந்து ஆறு பேரை நிறுத்தினார். மூன்றாவது நாற்காலி அதில் ஒன்று. அன்று சாயந்திரம் ஓரகத்தி வீட்டுக்கு வந்து வெள்ளைத் தொப்பியை மடித்து அலமாரியில் வைத்தாள். நூலக்கா வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே போகத் துணிவு வரவில்லை. மறுநாளிலிருந்து தம்பிக்குக் கால் மடக்கிவிடுகிற ஆள் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வந்தான். மற்ற நாளில் அந்த வேலையை ஓரகத்தியே செய்தாள். கதவுக்கு வெளியே தம்பி வலியில் முனகுவது கேட்கும்.

ஆறாவது வாரம் கடிதம் வந்தது. மேனேஜர் எல்லோரையும் வரச் சொல்ல, முதலாளியே வாசித்தார். வாசிக்கும்போது கஷாயம் குடிக்கிற முகம். கடலோரத்தில் ஓடிய எட்டு மாதமும் செல்லாது. அதற்கு முன் ஓடிய இரண்டு வருஷமும் செல்லாது. ஆய்வு நடந்த தேதியிலிருந்து ஐந்து வருஷம் புதிதாகத் தொடங்கும். மெஷின் ஒரு நாள் வெளியே போனாலும் முழு மானியத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாதா மாதம் பதிவேட்டின் நகல் ஆபீஸுக்கு வர வேண்டும். அது பழைய புத்தகத்தில் உள்ள அதே ஆளின் கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஆபீஸுக்கு இவ்வளவு கருணை எப்படி வந்தது என்று பிறகு மேனேஜர் விசாரித்துவைத்திருந்தார். மூன்றாம் வட்டாரத்தில் மானியம் வாங்கிய பதினோரு கம்பெனியில் ஏழு ஏற்கெனவே இழுத்து மூடியாயிற்று. எட்டாவதையும் மூட வைத்துவிட்டு மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது? நிஜப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்ததை வைத்து அவர்களும் தங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

முதலாளி வாசித்து முடித்ததும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி சத்தமாக மூச்சு விட்டாள். நூலக்கா ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"நிறுத்தின ஆறு பேரும் எப்ப வரலாம்?"

முதலாளி கடிதத்தை மடித்தார். "அவங்க எதுக்கு?"

"மெஷின் ஓடப்போகுதே."

"மெஷின் ஓடும். மெஷின் இங்கதான் இருக்கணும்னு எழுதியிருக்கு. லென்ஸ் மேஜை மானியத்துல வாங்கினது இல்லம்மா. அதை நான் எங்க வேணும்னாலும் வெச்சுக்கலாம். அவங்க ஆறு பேரோட லென்ஸையும் நேத்து ராத்திரியே கடலோரத்துக்கு அனுப்பிட்டேன்." கடிதத்தை அவள் பக்கம் நீட்டினார். "வேணும்னா நீங்களே படிச்சுப் பாருங்க. ஆளுங்களைப் பத்தி இதுல ஒரு வரி கிடையாது."

அவள் வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். கிடையாதுதான். மெஷினின் எடை இருந்தது, வரிசை எண் இருந்தது, அது நிற்க வேண்டிய அறையின் நீள அகலம்கூட இருந்தது. அவளும்தான் அன்றைக்கு மேஜையருகே நின்று மெஷின் இங்கேயே இருக்க வேண்டும் என்று சொன்னாள். ஆட்களைப் பற்றி அவளும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

முத்திரையை உடைத்தார்கள். அவள் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கையிலிருந்து பொறி பறக்காமலிருக்க மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஐந்து வாரம் அசையாமல் நின்றதில் மெஷின் மட்டத்துக்கு வந்திருந்தது. எட்டு நூலும் அறாமல் ஒட்டின. சுவரில் முள்ளைப் பார்த்தாள். புதுப் புத்தகத்தின் முதல் வரியில் பதினொன்று இருபத்தாறு, வெப்பம் இருபத்திரண்டு, ஈரம் முப்பத்தாறு என்று எழுதினாள். கண் கலங்கிவிட்டது. அழுத ஈரம் தாளில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது ஓரகத்தி அடுப்படியில் இருந்தாள். கடிதத்தின் சேதி தெரு முழுக்கப் பரவி அவளுக்கும் எட்டியிருந்தது. ஆறு லென்ஸ் போன சேதியும்தான். நூலக்கா பையை ஆணியில் மாட்டிவிட்டு என்ன சொல்வது என்று தெரியாமல் நிலைப்படியிலேயே நின்றாள். உள்ளறையில் தம்பி இருமினான்.

ஓரகத்தி திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "இன்னிக்கு ஈரம் எவ்வளவு காட்டுச்சு?"

"முப்பத்தாறு."

"சரியாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப சரி" என்றாள் ஓரகத்தி. அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வாங்க அக்கா. அவருக்குக் காலை மடக்கணும், நான் ஒருத்தியா முடியல. அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள்.

நூலக்கா போய் அந்தப் பக்கம் பிடித்தாள்.